பங்காளி தோற்றால் ஏன் இனிக்கிறது?

கேள்வி: திருப்பூரில் எட்டு பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். 2002 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரொனால்டோ இரண்டு கோல் அடித்த நாளிலிருந்து நான் பிரேசில் ரசிகன். என் மனைவியின் அண்ணன் எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிறார். அர்ஜென்டினா என்றால் அவருக்கு உயிர். 2022 இறுதி ஆட்டத்தை அவருடைய புது வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பிரான்ஸின் எம்பாப்பே அடுத்தடுத்த நிமிடங்களில் இரண்டு கோல் போட்டபோது என்னை அறியாமல் எழுந்து கை தட்டிவிட்டேன். கடைசியில் அர்ஜென்டினாதான் வென்றது. ஆனாலும் அன்றிலிருந்து மச்சான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகளின் காதுகுத்துக்கு வந்தார், மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார், சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை, பந்தியில் மட்டும் உட்காராமல் போய்விட்டார். எட்டாவது படிக்கும் என் மகன் கேட்கிறான்: "அர்ஜென்டினா பிரேசிலுக்குப் பக்கத்து நாடுதானே அப்பா? பக்கத்து நாடு ஜெயித்தால் சந்தோஷப்பட வேண்டாமா?" அவனுக்கு என்ன சொல்வது? மச்சானிடம் என்ன சொல்வது? அடுத்த உலகக் கோப்பை வேறு வருகிறது.
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடத்துக்காகச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சுருக்கும்போது வெட்டிய ஒரு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மகனுக்கு. பக்கத்து நாடு ஜெயித்தால் மகிழ வேண்டும் என்று அவன் நினைப்பது நல்ல மனம். ஆனால் அவன் தோட்டங்காட்டில் வளரவில்லை, திருப்பூர் லைன் வீட்டில் வளர்கிறான். கூட்டுக் கிணற்றில் மோட்டார் போடும் முறை வைத்துப் பங்காளிகள் பேசாமல் போன கதையை அவனுடைய தாத்தாவைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே முப்பாட்டன், ஒரே குலதெய்வம், ஒரே கிணறு. அதனால்தான் சண்டை. பத்து மைல் தள்ளி இருப்பவன் தோட்டத்தில் தென்னை எவ்வளவு காய்த்தாலும் நமக்கு ஒன்றும் இல்லை. பொழிக்கு, அதாவது எல்லை வரப்புக்கு, அந்தப் பக்கம் பங்காளியின் மரத்தில் இரண்டு குலை கூடுதலாகத் தொங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பிரேசிலும் அர்ஜென்டினாவும் பங்காளிகள். 1914 முதல் ஒன்றோடொன்று மோதுகின்றன. தென் அமெரிக்கக் கோப்பை என்ற ஒரே கிணற்றில் இரண்டு பேரும் தண்ணீர் இறைக்கிறார்கள். 2014இல் பிரேசிலே உலகக் கோப்பையை நடத்தியது. ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசோண்டேயில் ஜெர்மனி அவர்களை ஏழுக்கு ஒன்று என்று நொறுக்கியது. அந்த ஊரே அழுதது. ஐந்து நாள் கழித்து, ரியோவின் மரக்கானா அரங்கில் அதே ஜெர்மனிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இறுதி ஆட்டம். பிரேசில்காரர்களில் மிகப் பலர் யார் பக்கம் நின்றார்கள் தெரியுமா? தங்களை ஏழு கோல் அடித்துச் சிதைத்த ஜெர்மனியின் பக்கம்! கூடுதல் நேரத்தில், 113ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் மரியோ கோட்ஸே கோல் அடித்தபோது ரியோவில் கொண்டாடியவர்கள் ஜெர்மானியர்கள் மட்டும் அல்ல. ஜெர்மன்காரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிப் போய்விடுவான். அர்ஜென்டினாக்காரன் மரக்கானாவில் கோப்பையைத் தூக்கினால், அது நம் களத்தில் பங்காளி நெல் தூற்றுவதுபோல. காலத்துக்கும் சொல்லிக் காட்டுவான். (அவர்கள் பயந்தது 2021இல் வேறு விதமாக நடந்தும்விட்டது. அதே மரக்கானாவில் டி மரியாவின் ஒரே கோலில் அர்ஜென்டினா பிரேசிலை வென்று தென் அமெரிக்கக் கோப்பையை எடுத்துப் போனது.)

தனக்கு ஒரு கண் போனாலும் எதிராளிக்கு இரண்டு கண்ணும் போக வேண்டும் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

ஆனால் எல்லாப் பக்கத்து நாடும் பங்காளி ஆகிவிடுவதில்லை. நம் கொங்கில் உறவை இரண்டாகத்தான் பிரிப்போம்: பங்காளி, இல்லையென்றால் மாமன் மச்சான். பங்காளியோடு பங்கு உண்டு, அதனால் உரசல் உண்டு. மாமன் மச்சானோடு பங்கு கிடையாது. அவன் வீட்டில் நல்லது நடந்தால் நமக்கு விருந்து, நம் வீட்டில் நடந்தால் அவனுக்கு முதல் மரியாதை. 2010இல் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையை நடத்தியது. அவர்களுடைய அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. உடனே அந்த நாடே கானாவைத் தன் அணியாக எடுத்துக்கொண்டது. ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், காலிறுதி. உருகுவேயின் சுவாரெஸ் கோல் கோட்டில் நின்று பந்தைக் கையால் தடுத்தார். கிடைத்த பெனால்டியை கானாவின் கியான் மேல் கம்பத்தில் அடித்தார். கானா தோற்றது. தென்னாப்பிரிக்கர்கள் தங்கள் வீட்டுத் துக்கமாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் கானாவுக்கும் இடையே எத்தனையோ நாடுகள் இருக்கின்றன. பங்கு கிடையாது, ஒரே கண்டத்துக்காரன் என்ற பாசம் மட்டும்தான். மாமன் மச்சான்!

பங்காளி எப்போதும் பகைதானா என்றால் அதுவும் இல்லை. சாவு விழுந்தால் தீட்டுக் காப்பவனும் பங்காளிதான். மொராக்கோவும் அல்ஜீரியாவும் ஒட்டிக் கிடக்கும் நாடுகள். இரண்டுக்கும் இடையிலான தரை எல்லை 1994 முதல் மூடிக் கிடக்கிறது. 2021இல் தூதரக உறவையே முறித்துக்கொண்டார்கள். மறு வருடம் கத்தார் உலகக் கோப்பையில் மொராக்கோ ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் வெளியேற்றி, அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு ஆனது. அரசாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் அல்ஜீரிய மக்களில் பலர் அதைக் கொண்டாடினார்கள். வெளியாள் ஒருவன், அதுவும் ஒரு காலத்தில் நம்மை ஆண்ட ஐரோப்பியன், எதிரில் நிற்கும்போது பொழிச் சண்டை கொஞ்சம் தள்ளிப்போகிறது.

இதில் அளவும் ஒரு விஷயம். சிறிய வீட்டுக்காரனுக்குத்தான் பெரிய வீட்டுக்காரன் மீது எரிச்சல் அதிகம். உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டமே ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்தது. கோல் எதுவும் விழவில்லை. அன்று தொடங்கிய கணக்கு இன்னும் தீரவில்லை. இங்கிலாந்தின் மக்கள்தொகை ஸ்காட்லாந்தைப்போலப் பத்து மடங்கு. ஸ்காட்லாந்துக்காரன் இங்கிலாந்தை நினைக்கும் அளவுக்கு இங்கிலாந்துக்காரன் ஸ்காட்லாந்தை நினைப்பதில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 19 வயதில், 2006 உலகக் கோப்பையின்போது, இங்கிலாந்தை எதிர்த்து யார் ஆடினாலும் அவர்களுக்கே என் ஆதரவு என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். ஸ்காட்லாந்து அந்த முறை தகுதி பெறவில்லை, கேலியாகக் கேட்டார்கள், கேலியாகச் சொன்னார். இங்கிலாந்தில் பலர் அதை வருடக்கணக்கில் மறக்கவில்லை. உங்கள் கை தட்டலை மச்சான் மறக்காததை நினைத்துக்கொள்ளுங்கள்.

(நம்மை விட்டுவிட வேண்டாம். சென்னை சிட்டி அணி 2018–19 ஐ-லீக்கில் கோவை நேரு ஸ்டேடியத்தைத் தன் வீடாக வைத்து ஆடியது. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திப் பட்டம் பெற்றது. நம் மண்ணில் ஆடி வென்ற அணி! அப்போதும் "பேரு என்னவோ சென்னைதானே" என்று உதட்டைப் பிதுக்கிய கோயம்புத்தூர்க்காரர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியிலும் அவர்களில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன்.)

இப்போது உங்கள் கை தட்டலுக்கு வருவோம். நெதர்லாந்துக்காரர்களுக்கு ஜெர்மனி பங்காளி மட்டும் அல்ல, 1940 முதல் 1945 வரை தங்கள் நாட்டை ஆக்கிரமித்திருந்தவன். 1974 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவனிடமே தோற்றார்கள். 1988 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், ஹாம்பர்க்கில், வான் பாஸ்டன் 88ஆவது நிமிடத்தில் அடித்த கோலில் பழி தீர்ந்தது. ஆட்டம் முடிந்து சட்டை மாற்றிக்கொண்ட ரொனால்ட் கூமன், ஜெர்மன் வீரரின் சட்டையால் தன் பின்புறத்தைத் துடைப்பதுபோலச் சைகை காட்டினார். பார்க்கச் சகிக்காத காரியம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது.

அதே நெதர்லாந்தில் உளவியலாளர்கள் ஒரு விஷயத்தை ஆராய்ந்தார்கள். 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனி குரோஷியாவிடம் 3–0 என்று தோற்றது. நெதர்லாந்து மாணவர்களுக்கு அதில் எவ்வளவு மகிழ்ச்சி என்று கேட்டார்கள். கால்பந்தில் ஆர்வம் அதிகம் உள்ளவர்களுக்கு மகிழ்ச்சி அதிகமாக இருந்தது, அதில் வியப்பில்லை. தங்கள் நாடு கால்பந்தில் தாழ்ந்திருக்கிறது என்ற எண்ணம் குத்தியவர்களுக்கும் அந்த இனிப்பு கூடுதலாக இருந்தது. அதாவது, பங்காளி விழுவது இனிக்க, நமக்குள் ஏற்கெனவே ஒரு புண் இருக்க வேண்டும்.

உங்களுக்குப் புண் இருந்ததா? 2022 டிசம்பர் 9. பிரேசில் பெனால்டியில் தோற்று வெளியேறிய நாள். தோற்கடித்தது யார்? அதே குரோஷியா. நான்கு நாள் கழித்து அந்தக் குரோஷியாவை அர்ஜென்டினா 3–0 என்று சுலபமாகத் தள்ளியது. உங்களை அழ வைத்தவனைப் பங்காளி ஒரு கையால் தூக்கிப் போட்டான். இறுதி ஆட்டம் 18ஆம் தேதி. ஒன்பது நாள் புண்ணோடுதான் நீங்கள் வாளையார் தாண்டிப் போயிருக்கிறீர்கள். எம்பாப்பேவுக்குக் கை தட்டியது நீங்கள் இல்லை, அந்தப் புண்.

இவ்வளவும் பிரேசில்காரனுக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நமக்கு அர்ஜென்டினாவோடு பொழியும் இல்லை, கிணறும் இல்லை. வங்கதேசத்திலும் இதே கதைதான். டாக்காவில் அர்ஜென்டினாக் கொடி பறந்த வேகத்தில், 1978இல் மூடிய தூதரகத்தை அர்ஜென்டினா 2023இல் மறுபடி திறந்தது. உங்கள் மகன் அவன் நாட்டுக்குப் பக்கத்து நாட்டைப் பற்றியும் யோசிக்கட்டும்: 2019இல் கொல்கத்தாவில் அதே வங்கதேசம் இந்தியாவுக்கு எதிராக 88ஆவது நிமிடம் வரை முன்னிலையில் இருந்தது, பிறகுதான் 1–1 ஆனது. அந்த ராத்திரி நமக்கு எப்படி இருந்திருக்கும்?

கோழிக்கோடு மாவட்டத்துப் புள்ளாவூரைப் பார்த்திருப்பீர்கள். 2022இல் அர்ஜென்டினா ரசிகர்கள் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட் வைத்தார்கள். உடனே பிரேசில் ரசிகர்கள் நெய்மாருக்கு 40 அடியில் வைத்தார்கள். அந்தக் கூடுதல் பத்து அடியை புவனோஸ் அயர்ஸில் இருப்பவன் பார்க்க வேண்டும் என்றா வைத்தார்கள்? எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவன் பார்க்கத்தான்! கடன் வாங்கிய கொடிக்கு அடியில் நடக்கும் சண்டை எப்போதும் சொந்த ஊர்ச் சண்டைதான்.

இங்கேதான் நான் வெட்டிய பகுதி வருகிறது. நான்கு பக்கத்தில் மச்சானின் புது வீட்டைப் பற்றி மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஹால் எத்தனை அடி, டிவி எத்தனை அங்குலம், தரைக்கு என்ன கல். போன வருடம் ஆர்டர் குறைந்து இரண்டு டேபிளை நிறுத்தி வைத்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டு அவசரமாகத் தாண்டியிருக்கிறீர்கள். நண்பரே, மச்சான் உங்களுக்குப் பங்காளி இல்லை. அவர் வீட்டில் உங்களுக்குப் பங்கும் கிடையாது, உங்கள் கம்பெனியில் அவருக்குப் பங்கும் கிடையாது. உங்கள் மகளை மடியில் வைத்துக் காது குத்தும் உரிமை உலகத்தில் அவருக்குத்தான் உண்டு. அப்படிப்பட்டவரை மனசுக்குள் பொழிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, தென்னங்குலை எண்ணியிருக்கிறீர்கள். அவர் அதைக் கை தட்டலில் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த வயசுக்காரர் வெறும் கோலுக்காகப் பந்தியை விட்டுப் போகமாட்டார்.

ஆகவே போனில் மன்னிப்புக் கேட்காதீர்கள், வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படமும் அனுப்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பி நேரில் போங்கள். உங்கள் மனைவி முதலில் உள்ளே போகட்டும். கால்பந்துப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம். "வீடு நல்லா கட்டியிருக்கீங்க மச்சான், அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்று சொல்லுங்கள். டேபிள் நிறுத்தியதையும் சொல்லுங்கள். சொல்லச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லுங்கள். மைத்துனனிடம் சொல்லாத கஷ்டத்தை வேறு யாரிடம் சொல்வது?

2026 உலகக் கோப்பை அமெரிக்கா, மெக்சிகோ, கனடா என்று மூன்று பக்கத்து நாடுகள் சேர்ந்து நடத்துவது. நம் கடிகாரத்தில் பல ஆட்டங்கள் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். இந்த முறை அவர்களை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், டிவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பிரேசில் வெளியேறிய பிறகு, அர்ஜென்டினா ஆடும்போது உங்களுக்குக் கை அரித்தால் எழுந்து போய் டீ போடுங்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கேரளத்து வியாபாரிகளுக்காக மஞ்சளும் வெளிர் நீலமும் மாறி மாறித் தைத்த கை உங்களுடையது. உங்கள் டேபிளிலேயே அர்ஜென்டினாச் சட்டை ஒன்று, பத்தாம் நம்பர் போட்டு, நீங்களே உட்கார்ந்து தையுங்கள். அளவு உங்கள் மனைவிக்குத் தெரியும். புது வீடு கட்டியபின் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தால் ஒரு சைஸ் கூட்டி வெட்டுங்கள்.