பாசல் ஃபஸ்நாக்ட்டுக்கு முதல் தடவையா? வேடம் போடாமல் வாருங்கள்

சூரிச்சுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆன ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பாசல் ஃபஸ்நாக்ட் (சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து மூன்று நாள் கார்னிவல்) பார்க்க முதல் தடவையாகப் போகிறோம், ஐந்து வயது மகனும் வருவான். விடிகாலை நாலு மணி ஊர்வலத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாமா? ஒரு நாள்தான் முடியும் என்றால் எந்த நாள்? நாங்களும் வேடம் போட வேண்டுமா?"

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது அங்கேதான். வேடம் வேண்டாம். கொலோன் கார்னிவலையோ ரியோ கார்னிவலையோ நினைத்துக்கொண்டு முகத்தில் சாயம் பூசி, ஜிகினாத் தொப்பியோடு வந்து நின்றால் பாசல்காரர்கள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் பார்க்கிற பார்வையிலேயே விஷயம் புரிந்துவிடும். இங்கே வேடம் கட்டுகிறவர்கள் வேறு, வேடிக்கை பார்க்கிறவர்கள் வேறு. கட்டுகிறவர் தலையையே மூடுகிற முகமூடி போட்டு (லார்வெ என்பார்கள், மாஸ்க் என்றால் திருத்துவார்கள்) பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட அடையாளம் தெரியாமல் நடப்பார். அரைவேடம் இந்த ஊரில் எடுபடாது.

வேடத்துக்குப் பதிலாக ஒரு ப்ளகெடெ வாங்கிக் கோட்டில் குத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருடமும் புது வடிவத்தில் வரும் பேட்ஜ், செம்பு, வெள்ளி, தங்கம் என்று தரம் இருக்கிறது, செம்பே போதும். அந்தப் பணம் ஊர்வலக் குழுக்களுக்குப் போகிறது. கிளீக் என்று சொல்லும் இந்தக் குழுக்கள் வருடம் முழுக்கப் பயிற்சி எடுத்து, லாந்தர் வரைந்து, துணி தைத்து நமக்கு இலவசமாகக் காட்டுகின்றன, அதனால் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். பேட்ஜ் இல்லாத ஆளைக் கண்டால் வண்டியில் வருகிற வாகிஸ் (பெரிய மூக்கும் பரட்டைத் தலையும் நீலச் சட்டையுமாக, பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியான அல்சாஸின் விவசாயியைக் கிண்டல் செய்யும் பாத்திரம்) கழுத்துப் பட்டைக்குள் ஒரு கை நிறைய ரெப்லியைத் திணித்துவிடுவார். ரெப்லி என்றால் காகிதத் துகள். பேட்ஜ் இருந்தாலும் திணிப்பார், அது வேறு விஷயம்.

தேதியிலும் கவனம் வேண்டும். மற்ற பல ஊர்களில் சாம்பல் புதனோடு (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் நாள்) கார்னிவல் முடிந்துவிடும், பாசலில் அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் ஆரம்பமே. 2027இல் பிப்ரவரி 15. லூசர்ன் நகரத்துக் கார்னிவலைப் பார்த்துவிட்டு அதே வாரம் இங்கே வந்து காலித் தெருவைப் பார்த்தவர்கள் உண்டு. பாசல் 1529இலேயே புராட்டஸ்டன்ட் ஆகிவிட்ட ஊர், தவக்காலமே கிடையாது, அப்படியும் கார்னிவலை மட்டும் விடவில்லை.

இப்போது அந்த நாலு மணி. மோர்கஷ்ட்ரைக் என்பது இதன் பெயர். திங்கள் விடிகாலை மூன்றரைக்கே பழைய நகரத்தின் சந்துகள் நிரம்பிவிடும். தேவாலய மணி நாலு அடிக்கும்போது உள்நகரம் முழுக்கத் தெருவிளக்கு ஒரே நேரத்தில் அணைகிறது, கடை விளக்குகளும் இல்லை. "மோர்கஷ்ட்ரைக், முன்னால் நட!" என்று கட்டளை கேட்கிறது, எல்லாக் குழுக்களும் ஒரே மெட்டைப் பிடிக்கின்றன, பிக்கலோ என்ற சிறிய புல்லாங்குழலும் தோல் மேளமும் மட்டும், வேறு வாத்தியம் கிடையாது. வெளிச்சம் என்று இருப்பது உள்ளே விளக்கு வைத்த, ஆளைவிட உயரமான, நாலு பேர் தூக்கிவரும் சித்திர லாந்தர்களும், வாசிப்பவர்கள் தலையில் கட்டியிருக்கும் குட்டி லாந்தர்களும்தான். தயவுசெய்து ஃப்ளாஷ் போடாதீர்கள், போன் டார்ச்சும் வேண்டாம், அந்த இருட்டுக்காகத்தான் அத்தனை பேரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

முதல் வருடம் நான் மார்க்ட்பிளாட்ஸ் சதுக்கத்தில் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன், முன்னால் நின்றவரின் முதுகைத்தான் நன்றாகப் பார்த்தேன். அடுத்த வருடம் பிடித்த மாதிரி வாசிக்கிற ஒரு கிளீக்குக்குப் பின்னால் நடந்தேன். சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் பின்னாலேயே போவோமே, அப்படி. முன்னால் போய்க் குறுக்கே நிற்காமல் பின்னால் மெதுவாக நடந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சந்து குறுகக் குறுக மேளம் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கும்.

இதற்கு ஐந்து வயதுப் பையனா? வேண்டாம் என்பேன். இருட்டு, நெரிசல், காதடைக்கும் சத்தம், தள்ளுவண்டிக்கு இடமில்லை, பிப்ரவரிக் குளிர் வேறு. சூரிச்சிலிருந்து அன்று இரவு சிறப்பு ரயில்கள் விடுகிறார்கள், உங்களில் ஒருவர் மட்டும் அதில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். நகர மையத்தில் டிராம் ஓடாது, ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட நடக்க வேண்டும்.

குடும்பத்தோடு ஒரே நாள் என்றால் செவ்வாய். திங்களும் புதனும் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும் பெரிய ஊர்வலம், கோர்ட்டேஜ், இரண்டு வட்டப் பாதைகளில் எதிரெதிராகப் போகும், பார்க்க வேண்டியதுதான். ஆனால் செவ்வாய் மதியம் குழந்தைகளுக்கானது. பாதை கிடையாது, குடும்பம் குடும்பமாக இஷ்டத்துக்கு ஊரைச் சுற்றுவார்கள், உங்கள் மகனும் முழுவேடத்தோடு வந்தால் யாருக்கும் உறுத்தாது. ஒரு பை ரெப்லி வாங்கிக் கொடுங்கள், தரையில் கிடப்பதை அள்ளி வீசக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள். ஒரே நிறமாகத்தான் விற்பார்கள், கலப்பு நிறம் பறந்தால் பொறுக்கியது என்று உடனே தெரிந்துவிடும். வாசித்துக்கொண்டு போகிறவர்கள் மேலும் வீசக் கூடாது. திங்கள் இரவு முதல் புதன் காலை வரை பேராலயத்துக்கு முன்னால் இருக்கும் மூன்ஸ்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் எல்லா லாந்தர்களையும் நிறுத்தி வைத்திருப்பார்கள், அதனால் விடிகாலையைத் தவறவிட்டாலும் படங்களை நிதானமாகப் பார்க்கலாம். அந்த வருட அரசியலைக் கிழிக்கிற கேலிச் சித்திரங்கள் அவை. லாந்தர்களில் எழுதியிருக்கும் வரிகள் பாசல் பேச்சுவழக்கில் இருப்பதால் ஜெர்மன் தெரிந்தவர்களே திணறுவார்கள், கவலைப்படாதீர்கள். சாயங்காலம் குகே பித்தளை இசைக் குழுக்கள் பெரிய சதுக்கங்களில் இறங்கிவிடும், வேண்டுமென்றே சுருதி விலக்கி ஊதுவார்கள், பையன் அதை விடமாட்டான்.

சாப்பாடு: வறுத்த மாவில் செய்யும் மாவு சூப், வெங்காயம் அல்லது சீஸ் வைத்துச் சுட்ட தட்டையான டார்ட், வேஹெ என்பார்கள். சைவம் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள், சூப் பெரும்பாலும் மாட்டு எலும்புச் சாற்றில் செய்வது, வெங்காய வேஹெயில் சில இடங்களில் பன்றிக்கொழுப்புத் துண்டு இருக்கும். சீஸ் வேஹெ பெரும்பாலும் பிரச்சினையில்லை.

அப்புறம், திரும்பும்போது கோட்டின் தொப்பியை வாசலிலேயே உதறுங்கள். எங்கள் வீட்டு சோஃபா இடுக்கில் ஆகஸ்டிலும் ரெப்லி கிடைத்தது.