மேஜைக்கு எண்ணெயா, அரக்கா, பி.யூ.வா?

கேள்வி: முதல்முறையாக நானே ஒரு தேக்குச் சாப்பாட்டு மேஜை செய்திருக்கிறேன். ஆசாரி ஒருவர் அரக்கு பாலிஷ்தான் அழகு என்கிறார், நண்பர் ஆளிவிதை எண்ணெயே போதும் என்கிறார், கடைக்காரர் பி.யூ. (பாலியூரித்தேன் வார்னிஷ்) டப்பாவை நீட்டுகிறார். எதைப் பூசுவது?

பதில்: மூவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்த மேஜை என்ன பாடுபடப்போகிறது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. சூடான பாத்திரம், சிந்திய தண்ணீர், தினமும் ஈரத்துணி, இதுதானே அதன் பிழைப்பு?

அரக்கு பாலிஷ் அழகுதான், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அது ஸ்பிரிட்டில் கரைந்து வருகிற பொருள், சூடும் ஈரமும் பட்டால் வெள்ளை வளையம் விழும். கீறினால் புதுக் கோட் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பது அதன் பெரிய வசதி. அலமாரிக்கோ நகைப்பெட்டிக்கோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே சொல்வேன்.

ஆளிவிதை எண்ணெய் ரேகையை அருமையாக எடுத்துக்காட்டும், தண்ணீரை மட்டும் சரியாகத் தடுக்காது. பச்சை எண்ணெய் காயவே வாரக்கணக்கில் ஆகும். ‘காய்ச்சியது’ என்று விற்பதில் பெரும்பாலும் சீக்கிரம் உலர்வதற்கான உலோக உப்புகள்தான் கலந்திருக்கும். எப்படியும், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள்! எண்ணெய் காயும்போது வெளியாகும் சூடு சுருட்டலுக்குள் அடைபட்டு, தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். வெளியில் விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

ஆகவே மேஜைப் பலகைக்கு என் ஓட்டு பி.யூ.வுக்கு. அதில் எண்ணெய் வகை, தண்ணீர் வகை என்று இரண்டு உண்டு. எண்ணெய் வகை, மரத்துக்கு ஒரு தேன்நிறம் கொடுக்கும், தண்ணீர் வகை நிறத்தை அவ்வளவாக மாற்றாது, வாடையும் குறைவு, ஆனால் மரத்தின் நாரைச் சிலிர்க்க வைக்கும். அதனால் முதலில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்தால்தான் கோட் பிடிக்கும். அப்புறம் மூன்று மெல்லிய கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு லேசான தேய்ப்பு. அவசரப்பட்டு ஒரே தடிமனான கோட்டாக அடித்து, மேலே தோல் கட்டி உள்ளே பிசுபிசுக்க, முழுவதையும் சுரண்டி எடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

பலகையின் அடிப்பக்கத்தையும் விடாமல் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் இரண்டு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் இழுக்கும், பலகை வளையலாம்.

கேள்வி: ஸ்டூலுக்கு ஏற்கெனவே தேன்மெழுகு தேய்த்துவிட்டேன். அதன்மேல் பி.யூ. பூசலாமா?

பதில்: கூடாது, ஒட்டாது. மெழுகு எப்போதும் கடைசிக் கை. டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள், துணியை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும். நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, ஸ்டூலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். மறுநாள் நகத்தால் சுரண்டி உரிந்து வந்தால் மெழுகு இன்னும் போகவில்லை, மறுபடி துடைக்க வேண்டியதுதான்.