தோலிலிருந்து நூல் வருகிறதா? மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 48. குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் எங்கள் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன். சில மாதங்களாகத் தோலுக்கு அடியில் ஏதோ ஊர்வது போல் இருக்கிறது. சொறிந்தால் புண்ணாகி, அதிலிருந்து நீலமும் சிவப்புமாக நூல் வருகிறது. அவற்றைத் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். மகன் மொபைலில் பார்த்துவிட்டு 'மார்ஜெலன்ஸ்' என்கிறான். டாக்டரோ ஒன்றுமில்லை என்கிறார். தொழுநோயாக இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் அரிப்பும் ஊறலும் மெய்யானவை, அவற்றை 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்பியது சரியல்ல. மருத்துவ உலகில் சர்ச்சை இருப்பது, அந்த இழைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பற்றித்தான்.

2002இல் அமெரிக்காவில் மேரி லெய்டாவோ என்ற தாய், தம் சிறு மகனின் புண்ணில் இழைகளைக் கண்டு, அந்த நிலைக்கு 'மார்ஜெலன்ஸ்' என்ற பெயரைச் சூட்டினார். பலரும் தங்களுக்கும் அப்படியே இருப்பதாக முறையிடவே, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கலிபோர்னியாவில் 115 பேரை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. தொற்றுக் கிருமி எதுவும் காரணமாகப் புலப்படவில்லை. புண்களில் கிடைத்த இழைகளில் பெரும்பாலானவை பருத்தியைச் சேர்ந்தவை. உண்ணி மூலம் பரவும் லைம் நோய்க் கிருமியே காரணம் என்றும், இழைகளை உடலே உண்டாக்குகிறது என்றும் ஒரு சிறு ஆய்வுக் குழுவினர் வாதிடுகிறார்கள். பெரும்பாலான தோல் மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வாதத்தை நம்பி மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் நிலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாள் முழுதும் சாய நூலோடு இருப்பவரின் கசியும் புண்ணில் பறக்கும் நூல் தூசி ஒட்டி, மேலே பொருக்குக் கட்டிவிட்டால், அதைப் பெயர்க்கும்போது உள்ளிருந்தே நூல் வருவது போலத்தான் தோன்றும். இதைச் சோதித்தே பார்க்கலாம்: தீப்பெட்டியில் உள்ள இழையையும் உங்கள் தறி நூலையும் மைக்ராஸ்கோப்பில் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சீழ் இல்லாத ஒரு புண்ணை, காற்றுப் புகாத கட்டால் மருத்துவரே சில நாள் மூடிவைத்து, பிறகு திறந்து பார்க்கட்டும்.

இழை வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தாலும், ஊறல் ஏன் என்ற கேள்வி நிற்கும். சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், இரும்புச்சத்து, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நிற்கும் பருவத்திலும் பூச்சி ஊர்வது போன்ற உணர்வு சிலருக்கு வருவதுண்டு. வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு இருந்தால் முதலில் சிரங்கைச் சந்தேகிக்க வேண்டும். தொழுநோயைப் பொறுத்தவரை, அதன் தேமல் பொதுவாக அரிப்பதில்லை, அங்கே உணர்ச்சிதான் குறையும். அப்படி ஏதேனும் இருந்தால் காட்பாடியை அடுத்த கரிகிரி மருத்துவமனையில் காட்டலாம்.

இவை எதுவும் இல்லையென்றால், மருத்துவர் ரிஸ்பெரிடோன் போன்ற மாத்திரையைக் குறைந்த அளவில் தரக்கூடும். அது மனநல மருந்து என்று கேள்விப்பட்டு, 'என்னைப் பைத்தியம் என்கிறார்களா' என்று கோபித்து நிறுத்திவிடுகிறவர்கள் பலர். மூளை உணரும் ஊறலைத் தணிப்பதற்கே அது. பலருக்கு நல்ல பலன் தருகிறது. எடையும் சர்க்கரையும் கூடக்கூடும் என்பதால் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும்.

ஊக்காலோ இடுக்கியாலோ புண்ணைக் கிளறாதீர்கள், மண்ணெண்ணெய், டெட்டால் தடவாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் அரிப்பு கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அவை படர்தாமரையைக்கூட உருமாற்றி, கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடுகின்றன. நகத்தை ஒட்ட வெட்டி, வேலை முடிந்ததும் குளித்து, தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ, மேற்சொன்ன பரிசோதனைகளுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.