கெர்கெட்டி தேவாலயம்: மலை பெரிதாகத் தெரிய எங்கே நிற்கலாம்?

கேள்வி: ஜார்ஜியா நாட்டுக்குப் போகிறேன். கஸ்பெக் மலைக்கு முன்னால் நிற்கும் கெர்கெட்டி திரித்துவ தேவாலயத்தை நல்லபடியாகப் படமெடுக்க ஆசை. 18-55 மி.மீ., 55-250 மி.மீ. என்று இரண்டு ஜூம் லென்ஸ் இருக்கின்றன. ஆனால் நான் எடுக்கும் படங்களில் எப்போதும் கட்டடம் பெரிதாகவும் மலை குட்டியாகவும் வருகிறது. எங்கே, எந்த நேரத்தில் நிற்க வேண்டும்?

பதில்: கட்டடத்துக்கு மிகவும் பக்கத்தில் நிற்பதால்தான் மலை சிறுத்துவிடுகிறது. தேவாலயத்திலிருந்து கஸ்பெக் சிகரம் நேர்கோட்டில் சுமார் 9 கிலோமீட்டர். தேவாலயத்திலிருந்து 200 மீட்டரில் நிற்கும் நீங்கள் 2 கிலோமீட்டர் தொலைவுக்கு விலகிப் போனால், தேவாலயம் பத்தில் ஒரு பங்காகிவிடும். சிகரமோ தன் அளவில் ஆறில் ஒரு பங்கை மட்டும்தான் இழக்கும். அப்புறம் ஜூம் செய்து பாருங்கள், தேவாலயத்துக்குப் பின்னால் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும்.

அப்படி விலகி நிற்க இயற்கையாகவே அமைந்த இடம் கீழே உள்ள ஸ்தெபான்ட்ஸ்மிண்டா ஊர். அங்கிருந்து மேற்கே பார்த்தால் தேவாலயமும் சிகரமும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். 55-250 லென்ஸில் 150 மி.மீ. அருகே தொடங்குங்கள். ஊரின் கிழக்குச் சரிவில் மேலே ஏறினால் தேவாலயத்துக்கும் சிகரத்துக்கும் இடையே உள்ள இடைவெளி கூடும். பக்கவாட்டில் நடந்தால் தேவாலயம் சிகரத்துக்கு நேர் கீழே வரும். இந்த நடைக்குத்தான் நேரம் தேவை. எனவே முந்தைய நாள் மாலையே இடத்தைப் பார்த்து வைத்துவிடுங்கள்.

நேரம், சந்தேகமே இல்லாமல் விடியற்காலை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் உதிக்கும். 5,000 மீட்டருக்கும் மேலான பனிச்சிகரத்தில் முதல் வெயில் படும்போது, 2,170 மீட்டரில் இருக்கும் தேவாலயம் இன்னும் நிழலில்தான் இருக்கும். கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பனி வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 1 வைத்து, ரா வடிவில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக) எடுங்கள். நிழல் பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். வெயில் தேவாலயம் வரை இறங்கியதும் இன்னொரு முறை எடுங்கள். எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது படம்தான், கல்லின் நிறம் அதில்தான் தெரியும். சிகரத்தை மேகம் மூடிவிடுவது சகஜம், அதனால் முடிந்தால் இரண்டு இரவு தங்குங்கள்.

18-55 லென்ஸுக்கான வேலை மேலே, தேவாலயத்துக்கு அருகில் இருக்கிறது. தேவாலயத்தைத் தாண்டி மேற்குச் சரிவில் ஏறித் திரும்பிப் பார்த்தால், தேவாலயமும் மணிக்கூண்டும் பள்ளத்தாக்கும் எதிர்மலைகளும் ஒரே படத்தில் அடங்கும். அதற்குப் பிற்பகல் வெயில் சரி. ஆனால் கஸ்பெக் பக்கமே சூரியன் சாய்வதால் நிழல் சீக்கிரம் விழுந்துவிடும், கடைசி நிமிடம் வரை காத்திருக்காதீர்கள்.

பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம் என்றாலும் இன்றும் வழிபாடு நடக்கும் இடம். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், ஆண்கள் அரைக்கால் சட்டையோடு போகக் கூடாது.