தோள் வலி உள்ளவருக்கு 9 மி.மீ. கார்பைன் சரிவருமா?

தோள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 50 மீட்டர் இலக்குச் சுடுதலுக்கு 9 மி.மீ. கார்பைன் (குட்டையான ரைஃபிள்) பார்க்கிறீர்கள், கைத்துப்பாக்கித் தோட்டாதானே, உதை குறைவாகத்தானே இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பாதிதான் சரி.

தோட்டா சிறியதுதான். ஆனால் தோளில் உறைப்பது பெரும்பாலும் போல்ட், அதாவது ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கிக்குள் பின்னும் முன்னும் ஓடும் இரும்புப் பாகம். சுடும் அழுத்தமே போல்ட்டைப் பின்னால் தள்ளும் சாதாரண ப்ளோபேக் அமைப்பில் அதைப் பூட்டி வைக்க எதுவும் இல்லை. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் அதைத் தாமதப்படுத்துகின்றன. அந்தக் கனமான இரும்பு பின்னால் ஓடி முட்டும்போது தோளில் 'டக்'கென்று ஓர் இடி. திரும்பி வந்து முன்னால் மோதும்போது குறியும் ஆடிவிடும். போல்ட்டை ரோலர் (உருளைகள்) அல்லது ரேடியல் (சுழலும் போல்ட்) முறையில் தாமதப்படுத்தும் வகைகளில் அது இலகுவானது, இடியும் மென்மையாக இருக்கும். ரூகர் நிறுவனத்தின் பிசி கார்பைன் ப்ளோபேக்தான், ஆனால் இடியைத் தணிக்க உள்ளே டங்ஸ்டன் எடை வைத்திருக்கிறார்கள்.

வாங்கும் முன் ஒன்றை இரவல் கேட்டுச் சுட்டுப் பாருங்கள். ஐந்து தோட்டா நிதானமாக, அப்புறம் ஐந்து வேகமாக. குறிபார்க்கும் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளி தானாகப் பழைய இடத்துக்கு வருகிறதா, நீங்கள் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். மறுநாள் காலை தோள் என்ன சொல்கிறது என்பதும் முக்கியம், அவசரப்பட வேண்டாம்.

காகித இலக்கு மட்டும்தான் என்றால், என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: .22 ரிம்ஃபயர் (மிகச் சிறிய தோட்டா சுடும் ரைஃபிள்) எடுங்கள். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியே அதில்தான் நடக்கிறது, உதை ஏறக்குறைய இல்லவே இல்லை.