ஃபிளாப்பியில் இருக்கும் உளவாளியை எழுப்ப பென்டிரைவ் வாங்க வேண்டுமா?

கேள்வி: 1990இல் வந்த ‘ஆபரேஷன் ஸ்டெல்த்’ உளவு விளையாட்டின் மூன்றரை அங்குல ஃபிளாப்பிகளைப் பெட்டியோடு பழைய பொருளாக வாங்கினேன். யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டு விண்டோஸ் 11இல் சொடுக்கினால் இயங்க மறுக்கிறது. ஒரு ஃபிளாப்பி திறக்கவே இல்லை. ‘செருகினால் ஓடும்’ என்று ஒருவர் பென்டிரைவில் விற்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்படி விற்கும் பென்டிரைவ்களில் வழக்கமாக இருப்பது இரண்டுதான். ஒன்று, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஸ்கம்விஎம் (பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்). இன்னொன்று, உரிமையில்லாமல் படியெடுத்த விளையாட்டுக் கோப்புகள். இரண்டாவது உங்களிடம் முறையாகவே இருக்கிறது, முதலாவதற்குக் காசே கிடையாது. அப்புறம் எதற்குப் பணம்? ஊர்பேர் தெரியாதவர் தரும் எக்ஸ்இ கோப்பைக் கணினியில் ஓடவிடுவது வேறு தலைவலி.

விளையாட்டு இயங்காததற்கு ஃபிளாப்பி காரணமல்ல. அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதை அறவே ஏற்காது. ‘காம்பாட்டிபிலிட்டி மோடு’ போட்டுப் பார்க்கச் சொல்பவர்களை நம்பி ஒரு மாலையை வீணாக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. ஃபிளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் அதில் எதுவும் எழுதப்படாது. உலோக மூடியை விரலால் தள்ளி உள்ளே பாருங்கள்; வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் தட்டு கீறும், டிரைவின் தலை அழுக்காகும், அடுத்த ஃபிளாப்பியும் கெடும். சுத்தமாக இருப்பவற்றின் கோப்புகளை எல்லாம் ஒரே கோப்புறையில் நகலெடுத்து, ஸ்கம்விஎம்மில் விளையாட்டைச் சேர்க்கும் பொத்தானை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். கோப்பின் பெயர், அளவு, செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) பார்த்து அது விளையாட்டை அடையாளம் காணும். அடையாளம் காணாவிட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு கோப்பு விடுபட்டிருக்கிறது அல்லது பாதியில் நின்றிருக்கிறது. படம் தட்டையாகத் தெரிந்தால் ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ கரெக்‌ஷன்’ என்பதை இயக்குங்கள். 320×200 படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது.

திறக்காத அந்த ஒரு ஃபிளாப்பிக்கு வருவோம். ‘டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, ஃபார்மேட் செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்டிருக்கும். எத்தனை முறை கேட்டாலும் ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். எத்தனையோ நல்ல ஃபிளாப்பிகள் அந்த ஒற்றைச் சொடுக்கில் போயிருக்கின்றன. அது கெட்டுப்போனதாகவே இருக்க வேண்டியதில்லை. பழைய பெட்டிகளில் அமிகா என்ற வேறு வகைக் கணினிக்கான ஃபிளாப்பி கலந்திருப்பது உண்டு, லேபிளைப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், எழுதியிருக்கும் விதம்தான் வேறு. பிசியின் சாதாரண 720 கேபி ஃபிளாப்பியில் ஒரு டிராக்குக்கு (தட்டின் ஒரு வட்டப் பாதைக்கு) 9 செக்டர், அதாவது 9 துண்டுகள். அமிகா அதே தட்டில் இடைவெளியைச் சுருக்கி 11 செக்டர் திணித்து 880 கேபி ஆக்கியது. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவுக்குப் பிசி முறை மட்டுமே தெரியும். அமிகா ஃபிளாப்பி அதன் கண்ணுக்கு வெற்றுத் தட்டு. எந்த மென்பொருளாலும் இதை மாற்ற முடியாது. தட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்யும் கிரீஸ்வீசல் போன்ற மின்னணுப் பலகையும், பழைய கேபிள் வகை ஃபிளாப்பி டிரைவும் வேண்டும். ‘யூஎஸ்பியிலேயே அமிகா ஃபிளாப்பி மீட்டுத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

‘இவ்வளவு பழையதுதானே, யாருக்கும் சொந்தமில்லை’ என்பார் விற்பவர். தவறு. இதை உருவாக்கிய பிரெஞ்சு நிறுவனம் டெல்ஃபின் 2004இல் மூடப்பட்டது. நிறுவனம் போனாலும் உரிமை போவதில்லை. ‘அபாண்டன்வேர்’, அதாவது கைவிடப்பட்ட மென்பொருள், என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. கடையைச் சாத்திவிட்டுச் சாவியையும் தொலைத்துவிடுகிறார்கள், நேர்மையாக விளையாட நினைப்பவர்தான் அலைய வேண்டியிருக்கிறது. ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ போல உரிமையாளரே இலவசமாக்கியவை சில உண்டு. அவை ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கும்.

ஓடத் தொடங்கியதும் பலர் ‘பழுது’ என்று நினைப்பது ஒன்று உண்டு. மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் பார், எடு, பை, பயன்படுத்து, இயக்கு, பேசு என்ற பொருளில் ஆறு செயல்கள் வரும். ‘யூஸ்’ என்பது பையில் உள்ள பொருளை வேறொன்றின்மேல் போட. கதவு, விசை, இழுப்பறை எல்லாம் ‘ஆப்பரேட்’. இரண்டையும் குழப்பினால் எதுவுமே நடக்காது. பொருளுக்கு அருகில் ஆளை நடத்திக்கொண்டு போய் நிறுத்திவிட்டுச் சொடுக்குங்கள்; தூரத்தில் நின்றால் மறுத்துவிடும். காவலர்கள் சுற்றும் வழிச்சிக்கல் அறைகளுக்குள் நுழையுமுன் சேமியுங்கள், பழைய சேமிப்பின்மேல் எழுதாமல் புதிய இடத்தில்.