எந்தச் சரக்கு?

கேள்வி: பெரியப்பா வீட்டில் கிடைத்த பழைய கோயில் மலரில் யாழ்ப்பாணம் பெரியகடை வியாபாரி ஒருவரின் விளம்பரம்: "பிள்ளை பெற்ற தாய்மாருக்கு உகந்த முதல்தரச் சரக்கு எம்மிடம் கிடைக்கும்." வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். எழுதிக் கொடுத்தவருக்கும் அச்சிட்டவருக்கும் கொஞ்சமும் உறைக்கவில்லையா?
– வாசகர் ஒருவர், கோண்டாவில்

பதில்: உறைத்திருக்கும், அதில் மிளகு உண்டே! மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாவற்றையும் அம்மியில் மையாக அரைத்து, மீனைப் போட்டுப் பத்தியக் கறி காய்ச்சாத பிள்ளைப்பேற்று வீடு யாழ்ப்பாணத்தில் அன்று ஏது? அதற்கான சாமான்தான் சரக்கு. போத்தலைச் சரக்கு என்பது பெரும்பாலும் தமிழகத் திரைப்படங்கள் நமக்கு ஏற்றி அனுப்பிய வழக்கு. அது வரும் என்று சோதிடம் பார்த்தா அந்த வியாபாரி விளம்பரம் எழுதுவார்? "எல்லோரும் சிரித்தோம்" என்கிறீர்கள். உங்கள் பெரியம்மாவுமா?

ஒரு சுருட்டுக் கடைக்காரர் "சுருட்டுவதில் எம்மை மிஞ்ச ஆளில்லை" என்று விளம்பரம் போட்டிருந்தால், அந்தக் கதை வேறு. புகையிலையைச் சுருட்டுவதும் பிறர் பணத்தைச் சுருட்டுவதும் அவர் காலத்திலேயே ஊரறிந்த தொழில்கள். அங்கே தாராளமாகச் சிரிக்கலாம், அவரும் சேர்ந்து சிரித்திருப்பார்.

முழுப் பழியையும் சுமக்க வேண்டியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். 'எய்ட்ஸ்' என்ற பெயரில் அங்கே ஒரு மிட்டாய். 1930களில் வந்தது, சாப்பிட்டால் பசி அடங்கும், உடம்பு மெலியும் என்று விற்றார்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறு (Ayds), உச்சரிப்பு எய்ட்ஸ் நோயின் பெயரேதான். 1982இல் அந்த நோய்க்குப் பெயர் சூட்டப்பட்டது. அதுவோ ஆளை உருக்கி எலும்பாக்கும் நோய். "எய்ட்ஸ் சாப்பிட்டு மெலியுங்கள்" என்ற தொனியில் வந்த விளம்பரங்களை இன்று பார்த்தால் சிரிப்பதா, பதறுவதா என்று தெரியாது. பெயர் வைத்தவர்மேல் குற்றமில்லை. நோய் பரவுவதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பெயரைப் பல ஆண்டுகள் கட்டிக்கொண்டு நின்ற முதலாளிகளை என்ன சொல்வது? எண்பதுகளின் பிற்பகுதியில்தான் பெயருக்கு முன்னால் 'டயட்' என்று ஒட்டுப் போட்டார்கள். மிட்டாய் பிழைக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத்தை மட்டும் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு மலரைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். 1981இல் பொது நூலகம் எரிந்த ஊர் இது. பழைய அச்சுத்தாள் ஒவ்வொன்றும் நமக்கு வேண்டும். 'நூலகம்' என்ற நிறுவனத்தினரிடம் கொடுத்தால் அட்டை முதல் அட்டை வரை ஸ்கான் செய்து இணையத்தில் வைப்பார்கள். சரக்கு விளம்பரமும் அதிலேயே இருக்கட்டும்.